மாற்றுவதா, கட்டுவதா, வாங்குவதா: எண்ணெய் நிறுவனம் பசுமை எரிபொருளுக்குப் போகும் வழிகள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பை நம்பி நடக்கும் ஒரு நிறுவனம் புதுப்பிக்கத்தக்க எரிபொருளுக்கு மாறுவது என்று முடிவெடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாறலாமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்தது. இனி எப்படி என்பதுதான் கேள்வி. இயக்குநர் குழுவின் முன் வழக்கமாக வந்து நிற்கும் வழிகள் ஐந்து. இருக்கும் ஆலையில் கொஞ்சம் தாவர எண்ணெயையும் சேர்த்து ஓட்டலாம். ஒரு ஆலையை முழுதாக உயிரி எரிபொருள் ஆலையாக மாற்றலாம். புதிதாகக் கட்டலாம். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனத்தை வாங்கலாம். எண்ணெயையே விற்றுவிட்டுக் காற்றாலை மின்சாரத்துக்குப் போகலாம். ஆறாவதாக, ஹைட்ரஜனிலிருந்து செய்யும் செயற்கை எரிபொருளும் எல்லா விளக்கப் படங்களிலும் ஓர் ஓரத்தில் இருக்கும். அதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும்.

இவற்றை ஒப்பிடும் அறிக்கைகள் பெரும்பாலும் கார்பன் எவ்வளவு குறையும், போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற இரண்டு கணக்கோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கணக்குக்குள் போகுமுன் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது? விற்பனை விலையைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் யார் கையில் இருக்கிறது? கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் பிழைத்தவர்களும் அடிபட்டவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிந்தார்கள். தொழில்நுட்பம் காரணமாகத் தோற்றவர்கள் குறைவு.

கலந்து ஓட்டுவது

இதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்குவதற்காகச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜன் பாய்ச்சும் பிரிவு ஏற்கெனவே இருக்கும். அதற்குள் சிறு அளவில் கொழுப்பையோ தாவர எண்ணெயையோ சேர்த்து அனுப்புவதுதான் இந்த வழி. சுவீடனின் பிரீம் நிறுவனம் 2010 முதலே கோத்தன்பர்க் ஆலையில் பைன் மரக்கூழிலிருந்து கிடைக்கும் எண்ணெயை இப்படிப் பயன்படுத்தி வருகிறது. முதலீடு குறைவு. சரிப்பட்டு வரவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பழைய வேலையைத் தொடரலாம்.

விகிதத்தைக் கூட்டும்போதுதான் சிக்கல். கொழுப்பு ஹைட்ரஜனோடு சேரும்போது நிறைய வெப்பம் வெளிப்படும், ஹைட்ரஜனும் அதிகம் செலவாகும். பழைய பிரிவு அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. விமான எரிபொருளுக்கு ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த விதி இப்படிச் சேர்க்கும் கொழுப்புக்கு 5 சதவீத வரம்பு வைத்ததும் தற்செயல் அல்ல. ஆக, இது நிறுவனத்தை மாற்றாது. ஆனால் கொள்முதல் பிரிவுக்குப் பழக்கம் வரும். கச்சா எண்ணெயை ஒரே கப்பலில் லட்சக்கணக்கான பீப்பாய்களாக வாங்கிப் பழகியவர்கள், பல நூறு இடங்களில் சேகரித்த பழைய சமையல் எண்ணெயைத் தரம் பார்த்து வாங்கக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பாடத்தைக் குறைந்த செலவில் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இருக்கும் ஆலையை மாற்றுவது

முதலில் செய்து காட்டியது இத்தாலியின் எனி. வெனிஸ் அருகே போர்டோ மார்கெராவில் இருந்த அதன் ஆலை 2014இல் உயிரி எரிபொருள் ஆலையானது. வழக்கமான சுத்திகரிப்பு ஆலை ஒன்று இப்படி மாறியது உலகிலேயே அதுதான் முதல் முறை. 2019இல் சிசிலியின் ஜெலா ஆலை இரண்டாவது. இரண்டுமே ஐரோப்பாவில் சுத்திகரிப்புத் திறன் தேவைக்கு மேல் குவிந்து கிடந்த காலத்தில் லாபம் இல்லாமல் திணறியவை. இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வேதியியல் எளிதுதான். கொழுப்பில் இருக்கும் ஆக்சிஜனை ஹைட்ரஜனால் நீக்கினால் மிஞ்சுவது டீசலைப் போன்றே இருக்கும் ஹைட்ரோகார்பன்; இதைத்தான் புதுப்பிக்கத்தக்க டீசல் என்கிறார்கள். குளிரில் உறையாமல் இருக்க அதன் மூலக்கூறு வடிவத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பழைய பாணி பயோடீசலைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலக்க முடியாது. இதை இருக்கும் எஞ்சினிலும் குழாயிலும் அப்படியே ஊற்றலாம். இன்னும் கொஞ்சம் பிளந்தால் விமான எரிபொருளும் கிடைக்கும். ஹைட்ரஜன் ஆலை, தொட்டிகள், துறைமுக மேடை, அனுமதிகள், அனுபவமுள்ள தொழிலாளர்கள் எல்லாம் பழைய ஆலையிலேயே இருப்பதால் புதிதாகக் கட்டுவதைவிடச் செலவு குறைகிறது, காலமும் மிச்சம். அமெரிக்காவில் பிலிப்ஸ் 66 நிறுவனம் ரோடியோ ஆலையைச் சுமார் 125 கோடி டாலரில் மாற்றி, 2024 பிப்ரவரியில் கச்சா எண்ணெயைக் கைவிட்டது. இப்போது அதன் திறன் நாளொன்றுக்குச் சுமார் 50,000 பீப்பாய்.

இங்கே ஒரு கணக்கு எளிதில் நழுவிவிடும். கலிபோர்னியாவில் மாரத்தான் நிறுவனத்தின் மார்ட்டினெஸ் ஆலை முன்பு நாளொன்றுக்கு 1,61,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது. மாற்றிய பிறகு அதன் திறன் ஆண்டுக்கு 73 கோடி கேலன், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 48,000 பீப்பாய். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்கு இதில் வேலை இல்லை. ஹைட்ரஜன் பிரிவுகளின் கொள்ளளவுதான் எல்லை. ஆனால் நிலம், பாதுகாப்பு, பராமரிப்பு போன்ற நிலையான செலவுகள் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதனால் நன்றாக ஓடும் ஆலையை மாற்றுவது கையில் இருக்கும் வருமானத்தை வெட்டிக்கொள்வது. எப்படியும் மூடப் போகும் ஆலையை மாற்றினால் கணக்கே வேறு: இடிப்பதற்கும் மண்ணைச் சுத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு தள்ளிப்போகிறது, ஊரின் வேலைகளில் ஒரு பகுதி தப்புகிறது, அரசின் ஒத்துழைப்பும் கிடைக்கிறது. எனி செய்தது இதைத்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் வெர்டெக்ஸ் எனர்ஜி. 2022இல் அலபாமாவின் மொபைல் நகரிலுள்ள ஆலையை ஷெல்லிடமிருந்து வாங்கி, அதன் ஹைட்ரோகிராக்கர் பிரிவைப் புதுப்பிக்கத்தக்க டீசலுக்கு மாற்றியது. 2023இல் உற்பத்தி தொடங்கியது. 2024 மே மாதம், அதே பிரிவை மறுபடி கச்சா எண்ணெய்க்கே திருப்பப் போவதாக அறிவித்தது. செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஹைட்ரோகிராக்கர் என்பது கனமான எண்ணெயை ஹைட்ரஜனோடு பிளந்து டீசல் போன்றவையாக்கும் பிரிவு, ஓர் ஆலையில் நல்ல பணம் ஈட்டும் பிரிவுகளில் ஒன்று. அதையே எடுத்து, சொந்த மூலப்பொருள் வலை எதுவும் இல்லாமல், கடன் வாங்கிய பணத்தில் மாற்றினால், மார்ஜின் (மூலப்பொருள் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளி) ஒரு முறை சரிந்தாலே தாங்காது. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு ஆலையை மாற்றிய குளோபல் கிளீன் எனர்ஜி நிறுவனமும் பல தாமதங்களுக்குப் பிறகு 2025இல் அதே கதவைத் தட்டியது.

கொழுப்பு எங்கிருந்து வரும்?

மாற்றுவதானாலும் புதிதாகக் கட்டுவதானாலும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் போக முடியாது. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு மூலப்பொருளுக்கே போகிறது. கச்சா எண்ணெய்க்கு விலை கூடினால் இன்னொரு கிணறு தோண்டுவார்கள். பயன்படுத்திய சமையல் எண்ணெய்க்கு விலை கூடினால், அதற்காக யாரும் கூடுதலாக வடை சுடப் போவதில்லை. கழிவுக்கொழுப்பின் அளவு வேறு தொழில்களைப் பொறுத்தது. விலை ஏறினால் சேகரிப்பு கொஞ்சம் கூடும், அதோடு சரி. இன்னொன்றும் நடக்கும்: புது எண்ணெயைப் பழைய எண்ணெய் என்று சொல்லி விற்கும் ஆசை வரும். வாங்குபவருக்குச் சான்றிதழைச் சரிபார்ப்பதே தனி வேலையாகிவிடுகிறது.

இதற்கு இதுவரை கண்ட பதில்களில் எனக்கு மிகவும் உறுதியாகத் தெரிவது டைமண்ட் கிரீன் டீசல். வலேரோ என்ற சுத்திகரிப்பு நிறுவனமும் டார்லிங் இங்கிரிடியன்ட்ஸ் என்ற கொழுப்பு சேகரிக்கும் நிறுவனமும் பாதிக்குப் பாதி சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம் அது. லூசியானாவின் நார்கோவில் 2013இல் தொடங்கி, 2022இல் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் விரிந்து, ஆண்டுக்குச் சுமார் 120 கோடி கேலன் திறனுக்கு வந்திருக்கிறது. இறைச்சிக் கழிவையும் உணவகங்களின் பழைய எண்ணெயையும் அள்ளுவது டார்லிங்குக்குப் பல தலைமுறைத் தொழில். கொழுப்பு விலை ஏறினால் ஆலையில் குறையும் லாபத்தின் ஒரு பகுதி சேகரிப்பவரின் கணக்கில் சேர்கிறது. மார்ஜின் சரிந்த காலத்தில் இந்த நிறுவனமும் தப்பவில்லை, ஆனால் அடி வாங்கித் தாங்கும் அமைப்பு அதற்கு இருந்தது.

எனி எடுத்த பாதை வேறு. 2022 இறுதியோடு பாமாயிலை விட்டுவிட்டு, கென்யா போன்ற நாடுகளில் உணவுப்பயிர்களோடு போட்டியிடாத ஆமணக்கு போன்ற விதைகளை உழவர்களிடம் வாங்கிப் பிழியும் மையங்களை அமைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு உழவர்களை நம்பிய விநியோகம் ஓர் ஆலையின் பசிக்கு ஈடாக வளர எவ்வளவு காலமாகும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நெடுநாள் திட்டமாக வைத்துக்கொள்ளலாம். ஆலை திறக்கும் நாளுக்கான விடையாக அதைக் காட்டக் கூடாது.

புதிதாகக் கட்டுவது

இந்த வழியின் கொடி பிடித்தவர் பின்லாந்தின் நெஸ்டே. 1948இல் தொடங்கிய அரசு எண்ணெய் நிறுவனம். கொழுப்பை டீசலாக்கும் அதன் தொழில்நுட்பம் 1990களிலேயே பிறந்துவிட்டது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் உயிரி எரிபொருளுக்கு இலக்கு வைத்த பிறகுதான் அதற்குச் சந்தை பிறந்தது. 2007இல் போர்வோவில் முதல் பிரிவு, 2010இல் சிங்கப்பூர், 2011இல் ராட்டர்டாம். கடைசி இரண்டும் ஆண்டுக்கு 8 லட்சம் டன் திறனுள்ளவை. அன்று முக்கிய மூலப்பொருள் பாமாயில். சுற்றுச்சூழல் அமைப்புகள் கடுமையாகத் தாக்கின. முதல் சில ஆண்டுகள் நஷ்டம், 2013 வாக்கில்தான் லாபம் எட்டிப் பார்த்தது. அப்புறம் மெல்ல மெல்லக் கழிவு எண்ணெய்க்கு மாறி, அதற்கான உலகளாவிய சேகரிப்பு வலையைக் கட்டி, பத்தாண்டின் இறுதியில் எல்லாருக்கும் முன்மாதிரியானது.

அந்த முன்மாதிரியைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டக் கிளம்பியதுதான் வினை. நெஸ்டேவும் சிங்கப்பூரில் 13 லட்சம் டன் திறனைக் கூட்டியது, ராட்டர்டாமில் இன்னும் 13 லட்சம் டன்னுக்கு 2022இல் முடிவெடுத்தது. 2023இல் ஒரு டன்னுக்கு 800 டாலருக்கு மேல் இருந்த அதன் மார்ஜின் 2024இல் பாதிக்கும் கீழே போனது. ராட்டர்டாம் விரிவாக்கத்தின் செலவு 190 கோடி யூரோவிலிருந்து 250 கோடிக்கு ஏறி, தொடக்கம் 2027க்குத் தள்ளிப்போனது. தலைமை நிர்வாகி மாறினார். அதே ராட்டர்டாமில் 8.2 லட்சம் டன் ஆலையைக் கட்ட 2021இல் முடிவெடுத்த ஷெல், 2024 ஜூலையில் வேலையை நிறுத்தி, 2025 செப்டம்பரில் முழுதாகக் கைவிட்டது.

முதலில் வந்தவருக்கு மூலப்பொருள் மலிவாகக் கிடைத்தது. பத்தாவதாக வருபவருக்கு அது கிடைக்காது. நெஸ்டேயின் வரலாற்றைக் காட்டி இன்று புதிய ஆலைக்கு ஒப்புதல் கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சட்டம் மாறினால்

புதுப்பிக்கத்தக்க டீசல் தன் சொந்தச் செலவில் சாதாரண டீசலோடு போட்டியிட முடியாது. இடைவெளியை நிரப்புவது கலப்புக் கட்டாயமோ, வரிச்சலுகையோ, உமிழ்வைக் குறைத்ததற்காகப் பெற்று விற்கக்கூடிய கார்பன் கிரெடிட்டோதான். அதனால் இந்தத் தொழிலில் சட்டத்தை விலைப்பட்டியலின் ஒரு பகுதியாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

சுவீடனை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் விற்பவர்கள் உயிரி எரிபொருள் கலந்து உமிழ்வை 30.5 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற விதி, 2022 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, 2024 ஜனவரி முதல் 6 சதவீதமாகச் சுருங்கியது. ஒரு நாட்டின் தேவை ஒரே ஆண்டில் சரிந்து, அந்த டீசல் வேறு சந்தைகளில் போய்க் குவிந்தது. கலிபோர்னியாவின் கார்பன் கிரெடிட் 2020இல் டன்னுக்கு 200 டாலரை ஒட்டி இருந்தது. புதுப்பிக்கத்தக்க டீசல் வெள்ளமாக வந்ததும் 100 டாலருக்குக் கீழே இறங்கியது. அதாவது கட்டியவர்களே தங்கள் ஆதரவு விலையைக் கீழே தள்ளினார்கள். அமெரிக்காவில் கேலனுக்கு ஒரு டாலர் என்று கலப்பவருக்குக் கிடைத்த சலுகை 2024 முடிவோடு போய், உள்நாட்டில் உற்பத்தி செய்தால் மட்டும் கிடைக்கும் சலுகை வந்தது. சிங்கப்பூரிலிருந்து அனுப்பி விற்றவர்களின் கணக்கு அதோடு மாறிப்போனது. சீனா 2024 டிசம்பரில் பழைய சமையல் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தந்துவந்த 13 சதவீத வரித் திருப்பத்தை நிறுத்தியது. அது மூலப்பொருள் பக்கத்து அடி.

ஒப்பீட்டில் விமான எரிபொருள் கொஞ்சம் உறுதியான தரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, விமான எரிபொருளில் பசுமை எரிபொருளின் பங்கு 2025இல் 2 சதவீதம், 2030இல் 6, 2050இல் 70 என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. கார்களுக்கு மின்கலம் இருக்கிறது, நீண்ட தூர விமானத்துக்கு இப்போதைக்கு வேறு வழி இல்லை. மாற்றும் ஆலையில் டீசலிலிருந்து விமான எரிபொருளுக்குத் திரும்பும் வசதியை முதலிலேயே வைப்பது அதிகச் செலவானாலும் தகும் என்பது என் எண்ணம்.

வாங்குவதும் வெளியேறுவதும்

2022இல் பணம் கொழித்த எண்ணெய் நிறுவனங்கள் வாங்கத் தொடங்கின. செவ்ரான் சுமார் 315 கோடி டாலருக்கு ரினியூவபிள் எனர்ஜி குரூப்பையும், பிபி கடனோடு சேர்த்து 410 கோடி டாலருக்கு குப்பை மட்கும்போது கிடைக்கும் உயிர்வாயுவை விற்கும் ஆர்க்கியா நிறுவனத்தையும், ஷெல் சுமார் 200 கோடி டாலருக்கு டென்மார்க்கின் நேச்சர் எனர்ஜியையும் எடுத்தன. வாங்குவதில் நேரம் மிச்சம். ஆளும் அனுபவமும் மூலப்பொருள் தொடர்புகளும் கூடவே வருகின்றன. உயிர்வாயுவில் இன்னொரு வசதி, குப்பைமேட்டோடு நீண்ட ஒப்பந்தம் இருந்தால் மூலப்பொருளை யாரும் அதிக விலை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குறை என்ன? எல்லாரிடமும் பணம் இருக்கும்போது வாங்கினால் விலை உச்சத்தில் இருக்கும். செவ்ரான் 2024இல் அயோவாவிலும் விஸ்கான்சினிலும் இருந்த இரண்டு பயோடீசல் ஆலைகளை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. மார்ஜின் சரிந்து கிடக்கும் காலத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம். அப்போதுதான் இயக்குநர் குழுவுக்குத் துணிச்சல் வராது என்பது வேறு விஷயம்.

வெளியேறுவது என்றால் எல்லாரும் சொல்வது டென்மார்க்கின் டாங் நிறுவனத்தை. 2017இல் எண்ணெய், எரிவாயு வயல்களை இனியோஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, ஆர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு கடல் காற்றாலையில் உலக முன்னோடியானது. அந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுவிடுகின்றன. டாங் அதற்கு முன்பே பெரிய மின் உற்பத்தி நிறுவனம்; உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991இல் விண்டபியில் எழுந்தது அந்த மரபில்தான். சுத்திகரிப்பை நம்பி வாழ்ந்த நிறுவனம் அல்ல. இரண்டாவது, பாதிக்கு மேல் பங்கு டென்மார்க் அரசிடம் இருந்ததால் பொறுமையான முதலாளி வாய்த்தார். அப்படியிருந்தும் 2023இல் அமெரிக்கத் திட்டங்கள் இரண்டைக் கைவிட்டு 2,840 கோடி குரோனர் மதிப்பைக் கணக்கிலிருந்து தள்ளியது, 2025இல் பங்குதாரர்களிடம் 6,000 கோடி குரோனர் கேட்டு நின்றது. சுத்திகரிப்பு ஆலைப் பொறியாளர்களின் திறமை காற்றாலையில் அதிகம் பயன்படாது. சுத்திகரிப்பு நிறுவனத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செயற்கை எரிபொருளும் இப்போதைக்கு அப்படித்தான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கே 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து எரிபொருளாக்குவதற்குள் போட்ட மின்சாரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். சுவீடனில் ஆர்ஸ்டெட் கட்டத் தொடங்கிய 50,000 டன் மெத்தனால் ஆலை, கட்டுப்படியாகும் விலையில் நீண்டகாலம் வாங்குவதற்கு ஆள் கிடைக்காமல் 2024 ஆகஸ்டில் நின்றுபோனது. வாங்குபவரின் கையெழுத்து முதலில், கான்கிரீட் பிறகு.

நான் முடிவெடுப்பதானால்

முதலில் கலந்து ஓட்டுவதில் தொடங்கி, அதோடு கழிவு எண்ணெயைச் சுத்தம் செய்யும் முன்பதப்படுத்தும் பிரிவையும் கட்டுவேன். பாஸ்பரஸும் உலோகங்களும் குளோரினும் வினையூக்கியையும் குழாய்களையும் கெடுக்கும். அவற்றை நீக்கத் தெரிந்தவருக்கே மலிவான, அழுக்கான கொழுப்பு வாங்கும் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தில்தான் மார்ஜின் இருக்கிறது. பெரிய ஆலைக்கு முன்பே இது தயாராக இருந்தால் மூலப்பொருள் சந்தையில் பெயரும் கிடைத்துவிடும்.

மாற்றுவதானால், கைவசம் இருப்பதில் மிகவும் பலவீனமான ஆலையை மட்டும் மாற்றுவேன். கொழுப்பு சேகரிக்கும் நிறுவனம் ஒன்று பாதிப் பங்கோடு உள்ளே வந்தால்தான். மூலப்பொருள் ஒப்பந்தத்தைவிட மூலப்பொருள் வைத்திருப்பவரின் பங்கு வலிமையானது, ஏனென்றால் விலை ஏறும் நாளில் ஒப்பந்தம் மீறப்படும், பங்கு மீறப்படாது. கிரெடிட் விலை இன்றுள்ளதில் பாதியாகி, வரிச்சலுகை ஒன்று முழுதாகப் போனாலும் தினசரிச் செலவை அடைத்துக் கடன் வட்டியைக் கட்ட முடிகிறதா என்று பார்ப்பேன். முடியவில்லை என்றால் திட்டம் அங்கேயே நிற்க வேண்டும். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு வெளியார் பணத்தை உள்ளே கொண்டுவரலாம்: எனி தன் உயிரி எரிபொருள் பிரிவான எனிலைவில் 25 சதவீதத்தைக் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குச் சுமார் 294 கோடி யூரோவுக்கு விற்றது இப்படித்தான், கட்டுப்பாடு கையை விட்டுப் போகாமல்.

இந்த நிபந்தனைகள் கூடிவராத ஆலையை என்ன செய்வது? எரிபொருளை இறக்கிச் சேமித்து விநியோகிக்கும் முனையமாக்கிவிடுவது. ஆஸ்திரேலியாவின் குவினானாவில் பிபி 2021இல் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டு அதைத்தான் செய்தது. அதே வளாகத்தில் உயிரி எரிபொருள் ஆலையும் திட்டமிட்டிருந்தது; 2025இல் அதை நிறுத்தி வைத்தது. தொட்டிகளும் துறைமுக மேடையும் இருக்கும்வரை, பசுமை எரிபொருளை வேறு யாரோ செய்தாலும் அதை இறக்கி வைக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும், அதற்கான வாடகை வரும்.